சுறாவின் ஈரலும் கோவைக் கரும்பும்

முகப்பரு வந்தால் சங்கை உரைத்துப் பூசச் சொல்லாத அமுச்சிகள் கொங்கு நாட்டில் குறைவு. மேற்கே பாலக்காட்டைக் கடந்து போனால்தான் அரபிக்கடல். கிழக்கே காவிரியைக் கடைசிவரை தொடர்ந்து போனால்தான் வங்கக்கடல். இருந்தும் வீட்டுக்கு வீடு ஒரு சங்கு இருந்தது. குழந்தைக்குப் பால் புகட்டவும், உரைத்துப் பூசவும் அது போதும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் வெள்ளையாக, எடையே இல்லாததுபோல் ஓர் ஓட்டை எடுத்துக் கொடுப்பார்கள். அது நுரை அல்ல, கணவா என்ற கடலுயிரின் உள் ஓடு. நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்டியபோது இரும்பு உலைகளோடும் மணிக் கற்களோடும் சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்தன. கடலில்லாத இந்த நாட்டுக்குள் கடற்பொருள் வந்துகொண்டிருப்பது இரண்டாயிரம் ஆண்டு வழக்கம்.

சங்கும் கடல் நுரையும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். உரைத்த சங்குக் குழம்பு பருவின் மேல் காயும்போது அங்குள்ள எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் உறிஞ்சும், மேல்தோலை லேசாகத் தேய்க்கும். அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. ஆனால் கெடுதலும் செய்யாது. இன்றைய அழகுப் பொருள்கள் பலவற்றுக்கு அந்தச் சான்றிதழைக்கூடக் கொடுக்க முடியாது.

இப்போது கிராஸ்கட் ரோட்டிலோ ஆர்.எஸ்.புரத்திலோ ஓர் அழகுப் பொருள் கடைக்குள் நுழைந்தால் கடல் வேறு உருவத்தில் அடுக்கியிருக்கும். கடற்பாசி ஜெல், மீன் கொலாஜன் சீரம், ஸ்குவாலேன் எண்ணெய். எதை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது தோலுக்குள் போகுமா, மேலேயே நிற்குமா? போஸ், மைனார்டி என்ற இரு தோலியல் ஆய்வாளர்கள் 2000-ல் இதற்கு ஒரு தோராய அளவுகோலைச் சொன்னார்கள். மூலக்கூறின் எடை 500 டால்டனைத் தாண்டினால் நலமான தோலின் மேலடுக்கைக் கடப்பது மிகக் கடினம். ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறத்தாழ ஒரு டால்டன். தோலில் பூசிப் பயன் தரும் மருந்துகளும், தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்களும் ஏறக்குறைய எல்லாமே 500-க்குக் கீழே இருப்பதைப் பார்த்துத்தான் இந்த விதியை வகுத்தார்கள்.

இந்தத் தராசில் மீன் கொலாஜனை வைத்துப் பாருங்கள். மீனின் தோலிலிருந்தும் செதிலிலிருந்தும் எடுக்கும் முழுக் கொலாஜன் ஏறத்தாழ 3,00,000 டால்டன். துண்டுதுண்டாக நறுக்கிய கொலாஜன்கூடப் பெரும்பாலும் சில ஆயிரம் டால்டன். முகத்தில் பூசினால் நீரைப் பிடித்துவைக்கும் மெல்லிய ஏடாகப் படியும். அதனால் தோல் சற்று நேரம் மினுமினுக்கும். 'உங்கள் தோலில் குறைந்துபோன கொலாஜனை நிரப்புகிறது' என்ற வரியைப் படித்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

கடற்பாசியின் கதை இதைவிடச் சுவையானது. அதைப் பார்க்க அழகு நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை, திருப்பூருக்குப் போனால் போதும்.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயத்தால் அச்சடிக்கும் பட்டறைகளில் சாயத்தைக் கெட்டியாக்க ஒரு பசை வேண்டும். இல்லாவிட்டால் பூவின் ஓரம் கசிந்து இலைக்குள் ஓடிவிடும். கெட்டியாக்க மாவுச்சத்து போதாதா? போதாது. ரியாக்டிவ் சாயம் பருத்தியின் ஹைட்ராக்சில் குழுக்களோடு வேதிப் பிணைப்புப் போட்டுக்கொள்ளும் வகை. மாவுச்சத்திலும் அதே குழுக்கள் நிறைய இருப்பதால் சாயம் துணியை விட்டுவிட்டுப் பசையோடு சேர்ந்துகொள்ளும். பிறகு பசை கழுவினாலும் போகாது, துணி அட்டையாக விறைக்கும். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட்டில் அந்தச் சிக்கல் இல்லை. சாயம் எளிதில் பற்றும் ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் ஆல்ஜினேட்டில் எதிர்மின்னேற்றமுள்ள கார்பாக்சில் குழு இருக்கிறது. சாயமும் எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன. சாயம் துணியில் பிடித்ததும் பசை தண்ணீரோடு போய்விடுகிறது. குழந்தை அணியும் பூப்போட்ட பனியன் மென்மையாக இருப்பதில் கடற்பாசிக்குப் பங்கு உண்டு.

அழகு நிலையத்தில் முகத்தில் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் கழித்து ரப்பர்போல ஒரே உறையாக உரித்தெடுக்கும் மாஸ்க்கும் பெரும்பாலும் இதே ஆல்ஜினேட்தான். ஸ்காட்லாந்தில் வேலை செய்த வேதியியலாளர் ஸ்டான்ஃபோர்ட் 1881-ல் காப்புரிமை பெற்ற பொருள். அதோடு கால்சியம் சல்ஃபேட் சேர்ந்த பொடியில் நீர் விட்டதும், கால்சியம் அயனிகள் நீண்ட ஆல்ஜினேட் சங்கிலிகளுக்கு இடையில் புகுந்து அவற்றைக் கட்டிப்போடுகின்றன, கூழ் இறுகுகிறது. பல் மருத்துவர் அச்செடுக்க வாயில் வைக்கும் கூழும் அதே வேதியியல். எடையோ பல்லாயிரம் டால்டன், லட்சம் டால்டன். தோலைக் கடக்கும் பேச்சே இல்லை. மாஸ்க் குளிர்ச்சியாக இருக்கும், ஈரம் ஆவியாவதைத் தடுக்கும். அதற்காகப் போட்டுக்கொள்ளலாம். 'கடலின் கனிமங்கள் உள்ளே இறங்கும்' என்பதற்காகப் போட வேண்டாம்.

தமிழ்நாட்டில் இந்தப் பாசி மன்னார் வளைகுடாவிலிருந்து வருகிறது. ராமேசுவரம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, காலில் தட்டைக் கட்டி, முங்கி எடுக்கும் பாசிகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் கட்டக்கோரை, பக்கோடா பாசி, கஞ்சிப் பாசி, மரிக்கொழுந்து. முதல் இரண்டும் ஆல்ஜினேட்டுக்கு, அடுத்த இரண்டும் அகர் கூழுக்கு. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, பாசி எடுக்கும் பெண்களின் உரிமைக்கும் அளவோடு அறுவடை செய்வதற்கும் நின்றதற்காக 2015-ல் சீகாலஜி விருது பெற்றார். அழகுப் பொருளின் டப்பாவில் கடலலை படம் போடுகிறவர்கள் இந்தப் பெண்களின் படத்தைப் போட்டு நான் பார்த்ததில்லை.

ஆக, ஜெல்லும் மாஸ்க்கும் கொலாஜனும் தோலின் மேல் நிற்கும் கூட்டம். 500 டால்டன் வரம்புக்குள் அடங்கும் கடற்பொருள் ஒன்று உண்டு. இந்த அத்தியாயம் அதற்காகத்தான்.

ஸ்குவாலீன். எடை சுமார் 410 டால்டன், முப்பது கார்பன், ஐம்பது ஹைட்ரஜன். 1906-ல் ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ ஆழ்கடல் சுறாவின் ஈரல் எண்ணெயில் இதைக் கண்டார். பெயரிட்டது 1916-ல். சுறாவுக்கு இது எதற்கு என்பது எளிய இயற்பியல். பெரும்பாலான எலும்பு மீன்களுக்கு உடலுக்குள் காற்றுப்பை உண்டு, அதனால் மிதக்கின்றன. சுறாவுக்கு அது இல்லை. பல நூறு மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தில் காற்றுப்பை நம்பகமான கருவியும் அல்ல. கடல்நீரின் அடர்த்தி 1.03, ஸ்குவாலீனின் அடர்த்தி 0.86 அளவில். ஆழ்கடல் சுறாவின் ஈரல் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் இருக்கும், அதிலுள்ள எண்ணெயில் சில இனங்களில் எண்பது விழுக்காடு வரை ஸ்குவாலீன். சக்தியைச் செலவழிக்காமல் ஆழத்தில் மிதந்து நிற்க அது சுமக்கும் தெப்பம் அந்த ஈரல்.

எல்லாச் சுறா எண்ணெயும் ஒன்றல்ல. இரண்டாம் உலகப் போரில் காட் மீன் ஈரல் எண்ணெய் இறக்குமதி நின்றபோது, சென்னை மாகாண மீன்வளத் துறை அன்று மாகாணத்தின் பகுதியாக இருந்த கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் தயாரித்தது. அது கரையோரச் சுறாக்களின் எண்ணெய், வைட்டமின் ஏ-க்காக. அழகுத் தொழில் தேடியது அதுவல்ல, இருட்டில் வாழும் சுறாக்களின் எண்ணெய்.

தேடியதற்குக் காரணம் நம் முகத்திலேயே இருக்கிறது. மனிதத் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் சுரக்கும் பசையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஸ்குவாலீன்தான். நம் உடல் கொலஸ்டிரால் செய்யும் வழியில் இது ஓர் இடைப்படி. அந்த வழியை விளக்கியதில் பங்குள்ள கான்ராட் பிளாக்குக்கு 1964-ல் நோபல் பரிசு கிடைத்தது. தோலுக்கு அந்நியமில்லாத எண்ணெய் என்பதால் பிசுக்கில்லாமல் பரவுகிறது. ஒரே குறை: ஆறு இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் காற்றுப் பட்டதும் காறிப்போகும். அந்த ஆறிலும் ஹைட்ரஜனைச் சேர்த்துவிட்டால் கெடாத, மணமற்ற எண்ணெய் கிடைக்கும். அதுதான் டப்பாக்களில் அச்சாகியிருக்கும் ஸ்குவாலேன், 422 டால்டன். எடை அனுமதித்தாலும் அது ரத்தம்வரை போகிற பொருளில்லை. எண்ணெய் விரும்பி என்பதால் மேல்தோலின் கொழுப்படுக்கிலேயே தங்கி, அங்குள்ள இடுக்குகளை அடைக்கிறது. நீர் ஆவியாவது குறைகிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மார்கழியில் தோல் வெளுத்து வெடிக்கும்போது காங்கயத்துச் செக்குத் தேங்காய் எண்ணெயும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்கிறது, விலையோ பல மடங்கு குறைவு. கை கால் வெடிப்புக்கு ஸ்குவாலேன் வாங்குவது காசுக்குக் கேடு. ஆனால் பரு வரும் முகத்தில் தேங்காய் எண்ணெய் துளைகளை அடைத்துச் சங்கடம் தரலாம், ஸ்குவாலேன் அவ்வளவாகத் தராது. வேறுபாடு அங்கேதான்.

இந்த எண்ணெய்க்காகச் சுறா கொடுத்த விலை பெரிது. ஒரு டன் ஸ்குவாலீனுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரம் சுறாக்கள் தேவை என்பது சுறாப் பாதுகாப்பு அமைப்புகளின் கணக்கு. ஈரலுக்காக அதிகம் வேட்டையாடப்படும் சென்ட்ரோஃபோரஸ் பேரினச் சுறாக்கள் பல ஆண்டுகள் கழித்தே பருவமடைகின்றன. பல இனங்களில் ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோ குட்டி, அதையும் ஏறத்தாழ இரண்டாண்டு வயிற்றில் சுமக்கின்றன. மத்தியை அரித்தெடுத்தாலும் சில பருவங்களில் மீண்டு வரலாம், இது மீளாது. மாலத்தீவில் 1980-களில் இந்தச் சுறாக்களுக்கென்றே தொடங்கிய மீன்பிடிப்பு இருபது ஆண்டுக்குள் படுத்துவிட்டது. 2010-ல் அந்த நாடு சுறாப் பிடிப்பையே தடைசெய்தது. நம் பக்கத்தில் குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் தூண்டிலில் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். அவர்களின் படகுகள் கொச்சித் துறைமுகத்தில் பிடிபாட்டை இறக்கும். 2000-க்குப் பிறகு அங்கே ஆழ்கடல் சுறாக்கள் குவிந்தன, சில ஆண்டுகளிலேயே வரத்துச் சரிந்தது. அவர்களைக் குற்றம் சொல்வது எளிது. ஈரலுக்குத் தரப்பட்ட விலை அவர்கள் வைத்ததல்ல.

2008-ல் யூனிலீவரும் லோரியாலும் சுறா எண்ணெயைக் கைவிடுவதாக அறிவித்தன. கைகொடுத்தது ஆலிவ். ஆலிவ் எண்ணெயில் ஸ்குவாலீன் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவுதான், ஆனால் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது ஒதுங்கும் கழிவில் அது செறிந்து கிடைக்கும். இன்னொரு மூலம் நமக்குத் தெரிந்த தண்டுக்கீரையின் பேரினத்தைச் சேர்ந்த தானியக் கீரை. அதன் விதை எண்ணெயில் ஆறிலிருந்து எட்டு விழுக்காடு ஸ்குவாலீன். கேட்க நன்றாக இருக்கிறது. விதையில் எண்ணெயே ஆறு ஏழு விழுக்காடுதான் என்பதால் நூறு கிலோ விதையிலிருந்து அரைக் கிலோ தேறினால் அதிகம்.

அப்போதுதான் கரும்பு வந்தது. கரும்பில் ஸ்குவாலீன் இல்லை, சர்க்கரைதான் இருக்கிறது. வேலையைச் செய்வது ஈஸ்ட்.

அமெரிக்காவின் பெர்க்லியில் ஜே கீஸ்லிங்கின் குழு, மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினின் மூலப்பொருளைச் செய்யும்படி ஈஸ்டின் மரபணுக்களை மாற்றியமைத்தது. அந்த அறிவிலிருந்து பிறந்த நிறுவனம் அமைரிஸ். அதே பாதையில் சற்றுத் திசை திருப்பினால் ஈஸ்ட் ஃபார்னசீன் என்ற பதினைந்து கார்பன் எண்ணெயைச் சுரக்கும். இரண்டு பதினைந்தைச் சேர்த்தால் முப்பது. ஹைட்ரஜன் ஏற்றினால் ஸ்குவாலேன். வியப்பு என்னவென்றால் சுறாவின் ஈரலும் நம் எண்ணெய்ச் சுரப்பியும் செய்வதும் இதே கூட்டல்தான்: பதினைந்து கார்பன் துண்டு இரண்டைத் தலையோடு தலை சேர்ப்பது. பிரேசிலில் சாவோ பாலோ மாநிலத்தின் புரோட்டாஸ் ஊரில், கரும்பாலையை ஒட்டியே, 2012 இறுதியில் இதற்கான தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. 2023-ல் அமைரிஸ் நொடித்துப்போய்த் திவால் மனு கொடுத்தது, ஆனால் கரும்பு ஸ்குவாலேன் சந்தையை விட்டுப் போகவில்லை.

பிரேசில் கரும்பு என்கிறோம். அதன் வம்சாவளியைப் பின்னோக்கிப் போனால் கோயம்புத்தூர் வருகிறது.

1912-ல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. இந்த ஊரைத் தேர்ந்தெடுக்கக் காரணம், இங்கே கரும்பு பூத்து விதை பிடிக்கும் என்பது. பல இடங்களில் கரும்பு பூப்பதே அபூர்வம், பூக்காவிட்டால் ஒட்டுச் சேர்க்க வழியில்லை. நிலையத்தின் சார்லஸ் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த இனிப்புக் கரும்பையும் கோவைப் பக்கம் தானாய் முளைத்துக் கிடந்த நாணலையும் இணைத்தார்கள். நாணலில் இனிப்பு கிடையாது, தாக்குப்பிடிக்கும் திறன் இருந்தது. பிறந்தது கோ 205. 1918-ல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. பின்னாளில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் இங்கே கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கோ 290, கோ 419 போன்ற ரகங்கள் கடல் கடந்து பிரேசிலிலும் பயிராயின. ஒட்டுக்குப் பெற்றோராகவும் ஆயின. இன்று உலகில் வெட்டப்படும் கரும்பில் பெரும்பகுதியின் குடும்ப மரத்தில் கோவைக் கிளை ஒன்று இருக்கிறது. சுறாவுக்கு மாற்றுத் தேடி இவர்கள் நாணலை இணைக்கவில்லை. சர்க்கரை வேண்டியிருந்தது, அவ்வளவே.

கரும்பு தண்ணீர் குடிக்கும் பயிராயிற்றே, சுறாவைக் காப்பாற்றி ஆற்றைக் காயவிடுவதா என்று கீழ்பவானிப் பாசனக்காரர் யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் அளவைப் பாருங்கள். உலகில் ஆண்டுக்கு 180 கோடி டன்னுக்கு மேல் கரும்பு வெட்டப்படுகிறது, ஸ்குவாலேன் தேவையோ சில ஆயிரம் டன். கரும்பின் தண்ணீர்க் கணக்கைச் சர்க்கரையிடமும் எத்தனாலிடமும்தான் கேட்க வேண்டும். கவுந்தப்பாடியிலிருந்து பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் நாட்டுச் சர்க்கரையையும் அந்த ஈஸ்ட் மறுக்காமல் தின்னும். அதைக் கொடுக்க மனம் வராது என்பது வேறு.

இப்போது வாங்குகிறவரின் சிக்கல். சுறாவிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் ஸ்குவாலேன் ஒரே மூலக்கூறு. டப்பாவில் பெயர் இருக்கும், பிறப்பிடம் பெரும்பாலும் இருக்காது. பிரான்ஸின் கடல் பாதுகாப்பு அமைப்பான ப்ளூம் 2015-ல் வெளியிட்ட சோதனையில் 72 ஈரப்பதக் களிம்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் சுறா ஸ்குவாலேன் இருந்தது. ஒரே மூலக்கூறில் சுறாவை எப்படிப் பிரித்தறிவது?

கார்பனை நிறுத்துப் பார்த்துத்தான். காற்றிலுள்ள கார்பனில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று அதிகமாகக் கனத்த கார்பன்-13 இருக்கிறது. ஆலிவ் உட்படப் பெரும்பாலான செடிகள் ஒளிச்சேர்க்கையின்போது கனத்ததைக் கணிசமாக ஒதுக்குகின்றன. கரும்பு அவ்வளவாக ஒதுக்குவதில்லை, ஏனென்றால் அதன் ஒளிச்சேர்க்கையின் முதல் படியே வேறு. அந்த வேறு வழியை 1966-ல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் துலக்கியதும் கரும்பிலைகளை வைத்துத்தான். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அளவையில், ஒப்பீட்டுத் தரத்தைவிட ஆலிவ் கார்பன் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 28 குறைவு, கரும்புக் கார்பன் 12 குறைவு. கடல் உணவுச் சங்கிலியில் வளர்ந்த சுறா இரண்டுக்கும் நடுவே 20-ஐ ஒட்டி நிற்கும்.

ஆலிவ் மட்டும் இருந்த காலத்தில் இது போதுமானதாக இருந்தது. கரும்பு வந்ததும் ஒரு குளறுபடி சேர்ந்தது. ஆலிவ் ஸ்குவாலேனையும் கரும்பு ஸ்குவாலேனையும் சரிபாதி கலந்தால் சராசரி 20. சுறாவின் எண் அதுதான். ஒரு மீனும் சாகாத களிம்பு மாட்டிக்கொள்ளலாம், சுறா கலந்தவர் 'ஆலிவும் கரும்பும்' என்று தப்பிக்கலாம். அதனால் இன்னொரு சாட்சியையும் கேட்க வேண்டியிருக்கிறது. தொழிற்சாலையில் ஃபார்னசீன் இரண்டைச் சேர்க்கும்போது எல்லா ஜோடியும் நேராகச் சேர்வதில்லை. சில கோணலாகச் சேர்ந்து ஐசோஸ்குவாலேன் என்ற பக்க மூலக்கூறாகின்றன. உயிரின் நொதி அந்தப் பிழையைச் செய்யாது, ஆகவே சுறாவிலும் ஆலிவிலும் அது கிடையாது. வாயு நிறப்பகுப்பு வரைபடத்தில் பெரிய கூம்புக்குப் பக்கத்தில் அந்தச் சிறு கூம்பு எழுந்தால் அந்த எண்ணெயில் கரும்பு இருக்கிறது. எண் 20-ஐக் காட்டியும் கூம்பு எழவில்லை என்றால் அங்கே கரும்பு இல்லை, ஆலிவ் மட்டும் அந்த எண்ணைத் தராது. தயாரிப்பாளரிடம் எண்ணெய் வந்த துறைமுகத்தைக் கேட்க வேண்டிய நேரம் அது.